பனியன் முதலாளி ஓய்ந்தால் அவர் யார்?

திருப்பூரில் ஊத்துக்குளி சாலையை ஒட்டிய மண்ணரை 2011ல்தான் மாநகராட்சியோடு சேர்ந்தது. அதுவரை தனி ஊராட்சி. தோட்டமும் கிணறுமாக இருந்த நிலத்தில் இரண்டு தலைமுறைக்குள் நிட்டிங் கூடங்களும் தையல் கம்பெனிகளும் சாயப்பட்டறைகளும் அவற்றின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையமும் லைன் வீடுகளும் எழுந்துவிட்டன. திருப்பூரைச் சுற்றியுள்ள இப்படிப்பட்ட ஊர்களில் மேலேறி வந்தவர்களில் ஒரு பகுதியினர் இன்று ஐம்பது அறுபது வயதில் ஒரு புதிய நிலையில் நிற்கிறார்கள். கடன் இல்லை. பிள்ளைகள் படித்து முடித்துவிட்டார்கள். கம்பெனிக் கட்டடத்தை வாடகைக்கு விட்டால் வரும் பணமே குடும்பத்துக்குப் போதும். இனி ஆர்டர் பிடிக்கவும் ஷிப்மெண்ட் தேதிக்குப் பயப்படவும் தேவையில்லை. அப்படியானால் விடிந்ததும் எழுந்து எங்கே போவது, எதற்காகப் போவது?

பணம் சேராதவர்களின் பாடு கண்ணெதிரே இருக்க, சேர்ந்தவர்களின் வெறுமையைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஓர் ஊரின் செல்வம் அடுத்த தலைமுறையில் எந்தப் பக்கம் ஓடும் என்பதை, அதை ஈட்டியவர்கள் தங்களை யாராக எண்ணிக்கொள்கிறார்கள் என்பது பெருமளவு தீர்மானிக்கிறது. அதனால் இது ஊர்க் கேள்வியும் ஆகிறது. இதற்கு வெவ்வேறு காலங்களில் சொல்லப்பட்ட விடைகளையும் அவற்றின் குறைகளையும் இக்கட்டுரை பரிசீலிக்கிறது. தம்மைக் கேள்வி கேட்க உரிமையுள்ள மனிதர்களோடு ஒருவருக்கு இருக்கும் பிணைப்புதான், பொருள் தேடும் கட்டாயம் தீர்ந்த பிறகும் அவருக்கு நோக்கத்தைத் தருகிறது என்று கருத வலுவான காரணங்கள் உள்ளன. ஓய்வும் கொடையும் புதுத்தொழிலும் அந்தப் பிணைப்பைக் காக்கும் அளவுக்கே உதவுகின்றன என்பது இங்கே முன்வைக்கப்படும் வாதம்.

துறவும் ஒப்புரவும்

தமிழில் இந்தக் கேள்வி தொழில் யுகத்துக்கு வெகுகாலம் முந்தியது. உலகாளும் அரசனுக்கும் உறங்காமல் வேட்டையாடுபவனுக்கும் உணவும் உடையும் ஏறக்குறைய ஒரே அளவுதான், ஆகவே மிஞ்சிய செல்வத்தின் பயன் கொடுப்பதில் இருக்கிறது என்று வாதிடுகிறது புறநானூற்றின் 189ஆம் பாட்டு. தேவைக்கு ஓர் எல்லை உண்டு என்பதை ஒப்புக்கொண்டு, எல்லைக்கு அப்பால் இருப்பதைப் பற்றிக் கேட்கும் மிகப் பழைய விடை அது. இதற்கு எதிர்முனையில் நிற்பது பட்டினத்தார் மரபு. பெருவணிகர் ஒருவர் எல்லாவற்றையும் விட்டு வெளியேறிய அந்தக் கதை, ஈட்டியவர் என்ற அடையாளமே சுமை என்று சொல்கிறது. வடமொழி மரபின் வானப்பிரஸ்தம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பேரன் பிறந்த பிறகு மெல்ல விலகு என்கிறது அது.

துறவு விடையின் வலிமை அதன் தெளிவு. ஆனால் குடும்பச் சொத்து, பங்காளி உறவு, கூட்டாளிக் கணக்கு, பேரப்பிள்ளை வளர்ப்பு என்று பின்னிக் கிடக்கும் வாழ்க்கையில் முழு வெட்டு என்பது மிகச் சிலருக்கே ஆகும். அதோடு, பழைய அடையாளம் போய்விட்டால் அதற்குக் கீழே உண்மையான அடையாளம் ஒன்று தயாராகக் காத்திருக்கும் என்று இந்த விடை நம்புகிறது. அதை எல்லாருக்கும் பொதுவாக நம்ப ஆதாரம் குறைவு.

திருக்குறளின் விடை இவற்றைவிட நுட்பமானது. பொருள் செயல்வகை அதிகாரத்தில் ஈட்டச் சொல்லி, நன்றியில் செல்வம் அதிகாரத்தில் பயன்படாத செல்வத்தின் வறுமையையும் சொல்லும் வள்ளுவர், அறத்துப்பாலில் 22ஆம் அதிகாரமாக ஒப்புரவறிதலையும் அதன்பின் 23ஆவதாக ஈகையையும் வைக்கிறார். ஈகை இல்லாதவருக்குக் கொடுப்பது. ஒப்புரவோ ஊரோடு ஒத்து வாழ்வதன் கடமை. அந்த அதிகாரத்தில் செல்வருக்கு உவமையாக வருபவை ஊரார் நீர் எடுக்கும் குளம், ஊர் நடுவே பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம். குளத்திலும் மரத்திலும் எவரும் அனுமதி கேட்டு எடுப்பதில்லை. கொடுப்பவரின் விருப்பத்துக்கு அப்பால் பெறுபவரின் உரிமையைக் காட்டும் இந்த நோக்கு, நம் கேள்விக்கு மற்ற பழைய விடைகளைவிட அதிகம் பயன்படும்.

உழைப்பு என்னும் அடையாளம்

பழைய விடைகள் திருப்பூரில் ஏன் எளிதாகப் பொருந்தவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, இந்த ஊரின் முதலாளிகள் எப்படி உருவானார்கள் என்று பார்க்க வேண்டும். ஆய்வாளர் ஷரத் சாரி 1990களில் இங்கே கள ஆய்வு செய்து 2004ல் வெளியிட்ட நூல் இதற்கு முதன்மையான ஆதாரம். வேளாண் குடும்பங்களிலிருந்து வந்து, பனியன் கம்பெனிகளில் தையலும் கட்டிங்கும் கற்று, பிறகு இரண்டு மூன்று பேர் கூட்டுச் சேர்ந்து சிறு கம்பெனி தொடங்கியவர்கள் திருப்பூரின் முதலாளிகளில் பெரும் எண்ணிக்கையில் இருந்ததை அவர் பதிவு செய்தார். அவர்களில் பெரும்பாலோர் கொங்கு வேளாளக் கவுண்டர்கள். எப்படி மேலே வந்தீர்கள் என்ற கேள்விக்கு அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன பதில் ஒன்றே: உழைப்பு.

அந்தப் பதில் மூன்று வேலைகளைச் செய்தது. படிப்பும் பரம்பரைப் பணமும் இல்லாமல் கிடைத்த வெற்றிக்கு அது காரணம் சொன்னது. தொழிலாளரை அதட்டி வேலை வாங்கும் உரிமையையும் அது தந்தது. நானும் ஒன்றரை ஷிப்ட் பார்த்தவன்தான் என்ற சொல்லுக்கு முன் பல கோரிக்கைகள் அடங்கிப் போயின. மூன்றாவதாக, தோட்டத்து வேலையையும் கம்பெனி வேலையையும் அது ஒரே அறமாக இணைத்தது. ஏற்றம் இறைத்த தகப்பனும் பேட்லாக் மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற மகனும் ஒரே வகை மனிதர்கள் என்று நம்ப முடிந்தது. இத்தனை பாரத்தையும் உழைப்பின் மேல் ஏற்றிவைத்த ஒருவர் உழைப்பை நிறுத்தும்போது, பணத்தை இழக்காமலேயே தம்மைப் பற்றிய விளக்கத்தை இழக்கிறார். திருப்பூரில் ஓய்வு ஒருவகைக் குற்ற உணர்வோடு வருவதற்கு இதுவே வேர் என்று தோன்றுகிறது.

நிறுத்தாமல் இரு என்பதுதான் ஊர் தானாகக் கண்டுகொண்ட விடை. இன்னொரு யூனிட், பத்து மெஷினோடு ஒரு நிட்டிங், மருமகன் பெயரில் ஒரு பிரிண்டிங். அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004ல் வெளியிட்ட ஆய்வு இதன் பொருளாதாரப் பக்கத்தைக் காட்டியது. திருப்பூர்க் கவுண்டர் ஏற்றுமதியாளர்கள் வெளியிலிருந்து வந்தவர்களைவிட அதிக மூலதனத்தோடு தொடங்கினார்கள். ஆனால் வெளியாரின் ஏற்றுமதி வேகமாக வளர்ந்து சில ஆண்டுகளில் அவர்களைத் தாண்டியது. சமூகத்துக்குள் புரளும் பணத்துக்கு வேறு நல்ல போக்கிடம் இல்லாததால் அது உறவினர் கம்பெனிகளிலேயே மலிவாகக் குவிந்தது என்பது அவர்கள் விளக்கம். இந்த முடிவை இன்னொரு விதமாகவும் வாசிக்கலாம். பணம் எங்கே போகலாம் என்ற கற்பனை குறுகியிருந்தால், போதும் என்ற நிலைக்கு வந்தவரும் அதை மறுபடி அதே தொழிலில்தான் போடுவார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மேல் 50 சதவீத வரி விதித்தபோது, அந்தச் சந்தையை நம்பி விரிவாக்கம் செய்தவர்களின் நெருக்கடி இந்த விடையின் பலவீனத்தைக் காட்டியது. நோக்கத்துக்காக நடத்தப்படும் கம்பெனியும் லாபத்துக்காக நடத்தப்படும் கம்பெனியும் வங்கிக்கு ஒன்றுதான்.

உழைப்பு என்ற கதைக்கு இதைவிடக் கடுமையான எதிர்ப்பும் உண்டு. உழைத்தவர்கள் எல்லாரும் முதலாளி ஆகவில்லை. தையலுக்குத் துணையாகத் துணியைக் கைமடித்த, செக்கிங் பார்த்த பெண்களின் உழைப்பு மூலதனமாக மாறியது அரிது. சாரியின் நூலே இதைச் சுட்டுகிறது. கிரேஸ் கார்ஸ்வெல்லும் கீர்ட் டி நேவும் திருப்பூர் வட்டாரக் கிராமங்களில் செய்த ஆய்வுகள், முன்பணக் கடனில் சிக்கி விசைத்தறியோடு கட்டுண்ட தலித் தொழிலாளர்களைப் பற்றிப் பேசுகின்றன. அவர்கள் உழைக்காதவர்களா? நிலம், சாதி உறவு, கடன் தரும் மாமன் மச்சான் ஆகியவை சேர்ந்தபோதுதான் உழைப்பு கம்பெனியாக மாறியது. ஓய்வு பெறும் முதலாளி தம்மை யார் என்று கேட்கும்போது, இந்த விடுபட்ட பாதியையும் கணக்கில் சேர்த்தால்தான் நேர்மையான பதில் கிடைக்கும்.

மகனிடம் ஒப்படைத்துவிட்டு நிழலாக இருப்பது இன்னொரு பரவலான வழி. 1997ல் தொடங்கிய நிஃப்ட்-டீ கல்லூரி போன்ற இடங்களில் படித்து வரும் மகனுக்கு மெர்சண்டைசிங் மொழி தெரியும். தகப்பனுக்குத் துணியைத் தொட்டே அதன் எடை (ஜிஎஸ்எம்) தெரியும். கேட்டால் மட்டும் சொல்வது என்ற பண்பு இருந்தால் இந்த ஏற்பாடு நன்றாக நடக்கிறது. இல்லையென்றால் இருவருக்குமே அடையாளம் இல்லாமல் போகிறது.

கணக்கால் கிடைக்கும் விடுதலை

அமெரிக்காவிலிருந்து பரவிய இன்றைய விடை எண்ணில் தொடங்குகிறது. விக்கி ராபினும் ஜோ டொமிங்கஸும் 1992ல் எழுதிய நூல், பணத்தை அதற்குச் செலவான உயிர்நேரமாகப் பார்க்கச் சொன்னது. வில்லியம் பெங்கன் 1994ல், சேமிப்பிலிருந்து முதல் ஆண்டு 4 சதவீதமும் பிறகு விலைவாசிக்கேற்ப உயர்த்தியும் எடுத்தால் 30 ஆண்டுகள் தாங்கும் என்று அமெரிக்கச் சந்தைத் தரவுகளைக் கொண்டு காட்டினார். ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு என்ற இலக்கு அங்கிருந்து பிறந்தது.

மண்ணரையில் இதற்கு இணையான கணக்கு வாடகையில் நடக்கிறது. ஆனால் லைன் வீட்டில் குடியிருப்பவர் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ தஞ்சையிலிருந்தோ வந்த தையல்காரர். கட்டடத்தை எடுத்திருப்பவர் இன்னொரு ஜாப் ஒர்க் கம்பெனிக்காரர். 2020 ஊரடங்கில் வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஊர் திரும்பியபோது லைன் வீடுகள் காலியாயின. தொழிலிலிருந்து விலகிவிட்டதாக நினைத்தவரின் மாத வருமானம் அதே தொழிலின் ஷிப்ட் மணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. தனிமனிதக் கணக்கு இந்தப் பிணைப்புகளை மறைக்கிறது. எவ்வளவு போதும் என்று அது நன்றாகச் சொல்கிறது. எதற்குப் போதும் என்பதை அது கேட்பதில்லை.

வேலை போனால் போவது என்ன

உளவியலில் இதற்குச் சிறந்த சான்று, வினோதமாக, இன்னொரு துணித்தொழில் ஊரிலிருந்து வருகிறது. வியன்னாவுக்கு அருகே மரியந்தால் என்ற ஊரின் ஆலை 1930 வாக்கில் மூடப்பட்டது. மரீ யகோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அந்த ஊரை ஆராய்ந்து 1933ல் வெளியிட்டார்கள். நேரம் கையில் மிஞ்சியிருந்தும் மக்கள் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது, நடையின் வேகம்கூடத் தளர்ந்தது. வேலை கூலியை மட்டும் தருவதில்லை, நாளுக்கு ஒரு வடிவம், வீட்டுக்கு வெளியே உறவு, பொது நோக்கில் பங்கு, மதிப்பு, செயல் ஆகியவற்றையும் தருகிறது என்று யகோதா பின்னாளில் வகுத்தார். மறுப்பும் உடனே எழும். மரியந்தால்காரர்கள் பசித்திருந்தார்கள். வாடகை வாங்குபவரின் நிலை வேறு.

அந்த மறுப்பைச் சோதிக்கப் பரிசுச்சீட்டு ஆய்வுகள் உதவுகின்றன. 1978ல் பிரிக்மேன் குழு செய்த புகழ்பெற்ற ஆய்வு, வென்றவர்கள் மற்றவர்களைவிடப் பெரிதாக மகிழ்ச்சியடையவில்லை என்றது. அதில் இருந்தவர்கள் 22 வெற்றியாளர்களே என்பதை மறக்கக் கூடாது. ஸ்வீடனின் பெரும் தரவுகளைக் கொண்டு லிண்ட்க்விஸ்ட், ஓஸ்ட்லிங், செசாரினி 2020ல் வெளியிட்ட ஆய்வில், பெரிய பரிசு வென்றவர்களின் வாழ்க்கைத் திருப்தி பத்தாண்டுக்கு மேலும் உயர்ந்தே இருந்தது. அன்றாட மகிழ்ச்சியிலும் மனநலத்திலும் மாற்றம் சிறிது. அதே தரவுகள் மீதான 2017 ஆய்வு, வென்றவர்கள் தம் உழைப்பு வருமானத்தை ஓரளவே குறைத்துக்கொண்டார்கள் என்று காட்டியது. பணம் வெறுமையைத் தரும் என்ற பொதுப்பேச்சை இவை ஆதரிக்கவில்லை. வழி கிடைத்தாலும் பலர் வேலையோடு ஒட்டியே இருக்கிறார்கள் என்பதைத்தான் காட்டுகின்றன. பொருளியலாளர் கெயின்ஸ் 1930ல், நூறாண்டில் பொருளாதாரச் சிக்கல் தீர்ந்து வாரம் பதினைந்து மணி நேர வேலை போதுமென்றாகும், அப்போது ஓய்வை என்ன செய்வதென்று மனிதர் திகைப்பார்கள் என்று எழுதினார். திகைப்பை அவர் சரியாகக் கண்டார். மக்கள் வேலையை விடமாட்டார்கள் என்பதை அவர் காணவில்லை.

ஸ்வீடன் வெற்றியாளர் பரிசுக்கு முன்பும் பின்பும் அதே செவிலியராகவோ ஓட்டுநராகவோ இருக்க முடியும். திருப்பூர் முதலாளிக்கு அந்த வசதி இல்லை. கம்பெனியை மூடிய அன்று யகோதா சொன்ன ஐந்தும் ஒருசேரப் போய்விடுகின்றன.

கொடையும் பெயரும்

அமெரிக்கத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகி 1889ல், செல்வத்தோடு சாவது இழிவு, வாழும்போதே பொதுநலனுக்குச் செலவிட வேண்டும் என்று எழுதினார். தமிழகத்தில் இந்த வழிக்குத் தனி வரலாறு உண்டு. 1926ல் கோவையில் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் குடும்பச் சொத்தில் அறத்துக்கென்று ஒரு பங்கைத் தனியே வைத்துத் தொடங்கிய பி.எஸ்.ஜி. அறநிலையம் ஒரு வகை. அங்கே அறம் பாகப்பிரிவினையிலேயே ஒரு பங்காளி ஆனது. காரைக்குடியில் அழகப்ப செட்டியார் இன்னொரு வகை. 1947ல் கல்லூரி, பிறகு மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் என்று கொடுத்துக்கொண்டே போனவர், 1957ல் 48 வயது நிறையும் முன்பே காலமானார். கொங்கில் குலதெய்வக் கோயில் திருப்பணியும் குடமுழுக்கும் இதே வேலையைச் செய்கின்றன. கம்பெனியில் இருந்த மரியாதைக்கு இணையான இடம் அங்கே கிடைக்கிறது.

இவற்றில் எது நோக்கத்தைத் தருகிறது, எது பெயரை மட்டும் தருகிறது? கோயில் கல்வெட்டில் பெயர் பொறித்தவரிடம் அவரது குலக் கூட்டத்துக்கு வெளியே உள்ள எவரும் எதுவும் கேட்க முடியாது. கல்லூரி நடத்துபவரிடம் மாணவர் கேட்கலாம், பெற்றோர் கேட்கலாம், அரசு கேட்கும். கொடை எவ்வளவு பெரியது என்பதைவிட, கொடுத்த பிறகு கொடுத்தவர் எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதே அவருக்குக் காலை எழ ஒரு காரணம் தருகிறது. கம்பெனி அவரை உயிர்ப்போடு வைத்திருந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். பையர் கேட்பார், வங்கி கேட்கும், சனிக்கிழமை சம்பளத்துக்குத் தொழிலாளி கேட்பார்.

நொய்யலின் பாக்கி

திருப்பூர் வட்டாரத்தில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று ஏற்கெனவே காத்திருக்கிறது. துணிக்கு நிறம் ஏற்றிய உப்பும் சாயமும் பல்லாண்டுகள் நொய்யல் ஆற்றில் இறங்கின. பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் வந்த ஒரத்துப்பாளையம் அணை, கழிவுநீரைத் தேக்கும் இடமானது. கீழ்மடை விவசாயிகளே தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட ஆணையிட்டது. அதன்பின் ஒரு சொட்டும் வெளியேற்றாத முறைக்குத் தொழில் மாறியது. எதிர்ச்சவ்வூடு பரவலும் ஆவியாக்கியும் கொண்டு தண்ணீரையும் உப்பையும் மீட்டெடுத்துத் திரும்பப் பயன்படுத்தும் செலவுமிக்க மாற்றம் அது. மண்ணரை நிலையமும் அந்த வரலாற்றின் பகுதி.

சட்டம் தேடியது இனிமேல் நடக்காமல் இருக்க வழி. நடந்துபோனதால் கெட்ட கிணறுகளும் தோட்டங்களும் அப்படியே இருக்கின்றன. கடனில்லாமல் ஓய்வு பெற்றேன் என்று சொல்பவரின் கணக்கில் இந்தப் பாக்கி எழுதப்படவில்லை. 2015 முதல் வெற்றி என்ற அமைப்பு நடத்தும் 'வனத்துக்குள் திருப்பூர்' என்ற மரநடவும், மண்ணரைப் பக்கத்து மூளிக்குளத்தில் நடந்த சீரமைப்பும் இந்த உணர்வு இங்கே இல்லாமல் போகவில்லை என்பதைக் காட்டுகின்றன. இவற்றை ஈகை என்று எண்ணுவதைவிட ஒப்புரவு என்று எண்ணினால் மனநிலை மாறும். மிச்சத்தைத் தருபவர் நன்றியை எதிர்பார்க்கலாம். பாக்கியைத் தீர்ப்பவர் ரசீதைத்தான் எதிர்பார்க்க முடியும். மரம் பிழைத்ததா, குளத்து நீரில் உப்பு குறைந்ததா என்று ஆண்டுதோறும் கேட்கப்படும் வேலை, ஆர்டரைப் போலவே தேதியும் தரச்சோதனையும் உள்ள வேலை.

மறுப்புகள்

இதற்கு எதிராக மூன்று வாதங்களைச் சொல்லலாம். முதலாவது, நோக்கம் அகம் சார்ந்தது, தோட்டமும் பாட்டும் வழிபாடும் போதும் என்றிருப்பவரை ஏன் இழுக்க வேண்டும் என்பது. அப்படி நிறைவோடு இருப்பவர் உண்டு, அவருக்கு இந்தக் கட்டுரையின் கேள்வியே எழவில்லை. கேள்வி எழுந்தவரைப் பற்றியே இங்கே பேச்சு.

இரண்டாவது இன்னும் வலுவானது. பணக்காரர்கள் குளங்களையும் மரங்களையும் கையில் எடுத்தால், பொது இடத்தில் அவர்கள் சொல்வதே சட்டமாகும். தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் ஒதுங்கிவிடும். இந்த ஆபத்து உண்மை. இதற்கு முழுத் தீர்வு கையில் இல்லை. வார்டு கூட்டத்தில் கணக்கு வைப்பது, கீழ்மடை விவசாயிகளும் தொழிலாளர்களும் குழுவில் இருப்பது ஆகியவை ஆபத்தைக் குறைக்கும். குழுவில் அவர்கள் இல்லாவிட்டால் அதுவும் இன்னொரு குடமுழுக்காகத்தான் முடியும்.

மூன்றாவது, இது முதலாளிகளின் சிக்கல் மட்டுமே என்பது. பீஸ் ரேட்டில் வாழ்ந்த தையல்காரருக்குப் பொருள் விடுதலை என்றால் முன்பணம் வாங்காமல் ஒரு வருடம் கடத்துவது. வருங்கால வைப்புநிதி பிடித்தம் ஒழுங்காக நடக்காத சிறு கம்பெனிகளில் உழைத்தவருக்கு ஓய்வு என்ற சொல்லே எட்டாதது. இந்த மறுப்பை ஏற்றே ஆக வேண்டும். ஏற்றால், ஓய்ந்த முதலாளி பதில் சொல்ல வேண்டியவர்களின் பட்டியலில் நொய்யலுக்கு அடுத்து நிற்பவர் அந்தத் தையல்காரர்.

முடியாத கேள்விகள்

திருப்பூரைப் பற்றிய நல்ல ஆய்வுகளில் பெரும்பாலானவை வேலையில் இருப்பவர்களைப் பற்றியவை. விலகியவர்களின் வாழ்க்கை அவற்றின் ஓரத்தில்தான் வருகிறது. பதில் சொல்லும் பொறுப்பு நோக்கத்தைத் தருகிறது என்ற இங்குள்ள வாதமும், யகோதாவின் சட்டகத்தையும் தமிழக அறக்கொடை வரலாற்றையும் இணைத்துப் பெற்ற ஊகமே. அதைத் தொடர் நேர்காணல்களால் சோதிக்க வேண்டும். பெண்களின் கேள்வி தனி. கணவர் கம்பெனியை மூடினாலும் வீட்டு வேலைக்கு ஓய்வு தேதி இல்லை. பல கம்பெனிகளின் கணக்கைப் பார்த்துத் தந்த மனைவியர் எந்தக் கட்டத்தில் விடுதலை பெறுகிறார்கள்? உழைப்புக் கதையைத் தகப்பனிடமிருந்து கேட்டு மட்டும் வளர்ந்த இரண்டாம் தலைமுறை, தன்னை எதன் பெயரால் விளக்கிக்கொள்ளும்?

1970களிலும் 80களிலும் பவர் டேபிளில் உட்கார்ந்து தொழில் தொடங்கியவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களையும், அதே கூடத்தில் அவர்களோடு கைமடித்து இன்றும் வாடகை வீட்டில் இருக்கும் பெண்களையும் ஒரே ஆய்வில் சேர்த்துக் கேட்க வேண்டும். கோவை, திருப்பூர்க் கல்லூரிகளின் பொருளியல், சமூகவியல் துறைகள் அந்த வேலையை இந்தத் தலைமுறை இருக்கும்போதே தொடங்க வேண்டும்.